அழுத்தம், அளவு, பிடிமானம்: பழைய இன்ஜெக்ஷன் கார்களில் எரிபொருள் கோளாறைக் கண்டறிவது எப்படி?

பழைய இன்ஜெக்ஷன் கார் கிளம்ப மறுத்தாலோ, மேடு ஏறும்போது திணறினாலோ, பெரும்பாலோர் முதலில் வாங்குவது புதிய பெட்ரோல் பம்ப். அதை மாட்டியும் சரியாகாவிட்டால் இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர்கள். அதற்கும் மசியவில்லை என்றால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர். விலையின் ஏறுவரிசையில் பாகங்களை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாயில் வந்து நின்ற கார்கள் ஏராளம். இந்தக் காலத்துக் கார்களைப் போலக் கோளாறுக் குறியீட்டைத் திரையில் காட்டும் வசதி அவற்றில் இல்லை. ஆனால் ஓர் அழுத்தமானியும் ஒரு மல்டிமீட்டரும் ஓர் அளவுக் குடுவையும் கையில் இருந்தால் ஊகத்துக்கு அதிகம் இடமில்லை. பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது, எவ்வளவு வருகிறது, இன்ஜினை நிறுத்திய பிறகு அந்த அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில், காரில் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் உள்ளழுத்தத்தை அளந்து அதற்கேற்ப இன்ஜெக்டர்களை மின்சாரத்தால் திறந்து மூடும் முறை அது. 1973இல் கே, எல் என இரண்டு வாரிசுகள் வந்தன. எல்-ஜெட்ரானிக்கில் உள்ளே வரும் காற்று ஒரு கதவைத் தள்ளுகிறது. கதவு எவ்வளவு திறந்தது என்பதை மின் சமிக்ஞையாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கிக்கொள்கிறது. கே-ஜெட்ரானிக் அடிப்படையில் முழுக்க இயந்திர முறை. காற்று ஒரு வட்டத் தகட்டைத் தூக்குகிறது, தகட்டின் நெம்புகோல் பிளஞ்சர் என்ற சிறு உலோகத் தண்டை உயர்த்துகிறது, பிளஞ்சர் உயர உயர மெல்லிய பிளவுகள் திறந்து ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் இடைவிடாமல் பாய்கிறது. போர்ஷ் 911, முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, வோல்வோ 240, ஃபெராரி 308 ஜிடிபிஐ, டிலோரியன் என ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கார்களில் இதே அமைப்பு உட்கார்ந்திருக்கிறது.

இந்த வகைப்பாடு வரலாற்று ஆர்வத்துக்காக அல்ல. ஒரே கோளாறு, காற்றை அளக்கும் முறைக்கு ஏற்ப நேர் எதிரான அறிகுறிகளைக் காட்டும். மேனிஃபோல்டில் ஒரு குழாய் கிழிந்து காற்று கள்ளத்தனமாக நுழைகிறது என்று வையுங்கள். கே, எல் வகைகளில் அந்தக் காற்று அளவுகருவியைக் கடந்து வரவில்லை. ஆகவே அதற்குரிய பெட்ரோலும் வராது. கலவை மெலிந்து (பெட்ரோல் குறைந்து) இன்ஜின் தடுமாறும், ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, அணைந்தும் போகலாம். டி-ஜெட்ரானிக்கில் அதே கசிவு மேனிஃபோல்டின் உள்ளழுத்தத்தை உயர்த்தும். ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவான திரோட்டில் திறந்துவிட்டதாக எண்ணி அமைப்பு கூடுதல் பெட்ரோலை ஊற்றும், ஐடில் வேகம் ஏறிவிடும். ஒருவருடைய காரில் பலித்த வைத்தியத்தை இன்னொரு காரில் அப்படியே செய்து பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கே-ஜெட்ரானிக் காரில் எண்ணெய் ஊற்றும் மூடி சரியாக உட்காராவிட்டாலும் எண்ணெய் அளவுக்கோல் அரை அங்குலம் எழும்பியிருந்தாலும் ஓட்டம் கெடும். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் காற்றும் மேனிஃபோல்டுக்குத்தான் போகிறது. ஐடிலில் ஓடும் இன்ஜினின் எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள்: ஓட்டம் தெளிவாகக் கெட்டால் மற்ற இடங்களில் பெரிய கசிவு இல்லை என்று ஓரளவு நம்பலாம். எந்த மாற்றமும் தெரியாவிட்டால் வேறெங்கோ ஏற்கெனவே காற்று நுழைந்துகொண்டிருக்கிறது. இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள், அளவுகருவிக்கும் திரோட்டிலுக்கும் நடுவேயுள்ள பெரிய ரப்பர் முழங்கை ஆகியவை முதல் சந்தேக நபர்கள். முழங்கையின் விரிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத மடிப்பில் இருக்கும். அதைக் கழற்றி விரலால் விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கிளம்பவே மறுக்கும் காரில் இன்னும் எளிய சோதனை உண்டு. சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றிவிட்டு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. அங்கே தேட வேண்டியது பற்றவைப்பை. எரிபொருள் கோளாறு என்று பெயர் சூட்டப்பட்டவற்றில் கணிசமானவை மின்பொறிக் கோளாறுகள்.

பம்ப் ஓடுகிறதா என்பதைக் காதால் கேட்கலாம். ஓடவில்லை என்றால் உடனே பம்ப் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். இந்தக் கார்களில் பம்புக்கு மின்சாரம் ஒரு பாதுகாப்பு ரிலே (தானியங்கி மின்சுவிட்ச்) வழியாகப் போகிறது. விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, பற்றவைப்புத் துடிப்புகள் நின்றால் ரிலே பம்பை நிறுத்திவிடும். பழைய எல்-ஜெட்ரானிக் கார்கள் பலவற்றில் இந்த வேலையைக் காற்றுக் கதவுக்குள் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச் செய்கிறது. கதவை விரலால் லேசாகத் தள்ளினால் பம்ப் முனகத் தொடங்க வேண்டும். ரிலேயின் உள்ளே, சர்க்யூட் பலகையில் ஈயப் பற்றுகள் ஆண்டுக்கணக்கான சூட்டில் மயிரிழை வட்டமாக விரிசல் விடும். குளிரில் தொடுப்பு இருக்கும், சூடானால் விட்டுப்போகும். அரைமணி நேரம் நின்றால் கார் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். மூடியைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து மறுபற்று வைத்தால் தீர்ந்துவிடுகிற விஷயம்.

பம்ப் ஓடினாலும் அதன் முனைகளில் வோல்ட்டை அளக்க வேண்டும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது. பேட்டரியில் பன்னிரண்டரை இருந்து பம்பில் பத்துதான் வருகிறது என்றால், நடுவேயுள்ள அரித்த இணைப்போ ஃபியூஸ் முனையோ எர்த் கம்பியோ மீதியைத் தின்கிறது. புதிய பம்பும் அங்கே பழைய பம்பைப் போலத்தான் ஓடும்.

அடுத்த கட்டத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை. கே-ஜெட்ரானிக் குழாயில் ஏறக்குறைய ஐந்து பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் பெட்ரோல் இருக்கிறது. இணைப்பைத் தளர்த்தும்போது அது சொட்டாது, பீறிடும். குளிர்ந்த இன்ஜின், கழற்றிய பேட்டரி முனை, இணைப்பின் மேல் துணி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். கார்பரேட்டர் காருக்கான மலிவு ரப்பர் குழாயை இங்கே மாட்டுவது தற்கொலைக்குச் சமம். இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்று செய்த குழாயும் கிளிப்பும்தான் வேண்டும்.

அழுத்தமும் அளவும் வேறு வேறு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஐடிலில் இன்ஜினுக்கு மிகக் குறைந்த பெட்ரோலே போதும். ஆகவே பாதி அடைத்த வடிகட்டியோடும் தளர்ந்துபோன பம்போடும் அழுத்தமானி சரியான எண்ணையே காட்டும். முழுத் திரோட்டிலில் மேடு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். இதைப் பிடிக்க, மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்கு அனுப்பும் திரும்பு குழாயைக் கழற்றிக் குடுவையில் விட்டு, பம்பை அரை நிமிடம் ஓடவிட்டு அளக்க வேண்டும். கே-ஜெட்ரானிக் கார்கள் பலவற்றின் கையேடுகள் இந்த அரை நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவில் எதிர்பார்க்கின்றன. உங்கள் காருக்குரிய எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் முதலில் வடிகட்டி, பிறகு டேங்கின் அடியில் இருக்கும் வலைச் சல்லடை, அதன் பிறகுதான் பம்ப். பம்ப் வழக்கத்தைவிட உரக்கக் கத்தினால் அதுவும் ஒரு துப்பு: உறிஞ்சும் பக்கம் அடைத்துக்கொண்டு, பெட்ரோல் கிடைக்காமல் வறட்சியில் சுற்றுகிறது. டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்தால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. அங்கே பம்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இனி கே-ஜெட்ரானிக்கின் இதயப் பகுதி. இதில் அழுத்தம் இரண்டு. ஒன்று அமைப்பின் முழு அழுத்தம், ஏறக்குறைய ஐந்து பார். இன்னொன்று, பிளஞ்சரின் தலையில் கீழ்நோக்கி அழுத்தும் கட்டுப்பாட்டு அழுத்தம். இதை நிர்ணயிப்பது வார்ம்-அப் ரெகுலேட்டர் என்ற கைக்கடக்கமான பெட்டி. குளிர்ந்த இன்ஜினில் இந்த அழுத்தம் குறைவாக இருக்கும். பிளஞ்சர் எளிதாக உயரும், கலவை செறிவாகும். ரெகுலேட்டருக்குள் இருக்கும் மின்சூடாக்கி இரட்டை உலோகப் பட்டையைச் சூடாக்கச் சூடாக்க அழுத்தம் ஏறி, மூன்றரை பாரைத் தாண்டியதும் நிலைக்கும். கலவை மெலிந்து சமநிலைக்கு வரும். 20 டிகிரி செல்சியஸில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் பல கார்கள் ஒன்றரை பார் அளவில் தொடங்குகின்றன.

ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே ஒரு வால்வோடு அழுத்தமானியை மாட்டினால், வால்வைத் திறந்து கட்டுப்பாட்டு அழுத்தத்தையும் மூடி முழு அழுத்தத்தையும் படிக்கலாம். குளிரில் கிளம்பத் திணறுகிறது, கட்டுப்பாட்டு அழுத்தம் இரண்டரைக்கு மேல் நிற்கிறது என்றால், ரெகுலேட்டரின் வாயிலுள்ள நுண்ணிய சல்லடை துருத்தூளால் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். குளிரில் நன்றாகக் கிளம்பி, சூடான பிறகு கரும்புகை கக்குகிறது, அழுத்தம் ஏறவே இல்லை என்றால் சூடாக்கிக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் சுருள் அறுந்துவிட்டது. இணைப்பைக் கழற்றி ஓம் அளந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். முழு அழுத்தமே குறைவாக இருந்தால்தான் பம்பையும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அழுத்த ரெகுலேட்டரையும் விசாரிக்க வேண்டும்.

நெடுநாள் நின்ற காரில் பிளஞ்சரே பிசினேறி ஒட்டிக்கொண்டிருக்கும். பம்பைச் சிறிது ஓடவிட்டு நிறுத்திவிட்டு, காற்றுத் தகட்டை ஒரு காந்தத்தால் மெல்ல மேலே இழுத்தால், வழி நெடுக ஒரே சீரான எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும். எங்காவது தடுக்கினால் தகடு உரசுகிறது. எதிர்ப்பே இல்லாமல் தகடு லேசாக ஆடினால் பிளஞ்சர் மேலேயே சிக்கிக்கொண்டது. பம்ப் ஓடும்போது தகட்டைத் தூக்கிப் பிடித்தால் சிலிண்டர்கள் பெட்ரோலில் நிரம்பிவிடும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த புகார் ஒன்று உண்டு: காலையில் ஒரே சுழற்சியில் கிளம்புகிறது, நெடுந்தூரம் ஓட்டிக் கால் மணி நேரம் நிறுத்தினால் மட்டும் நெடுநேரம் ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது கேள்வியான பிடிமானம் இங்கேதான் பேசும். இன்ஜினை நிறுத்தியதும் விசிறியும் குளிர்நீர் ஓட்டமும் நின்றுவிட, பானட்டுக்கு அடியில் வெப்பம் ஏறுகிறது. குழாய்களில் அழுத்தம் இருக்கும்வரை பெட்ரோல் திரவமாகவே இருக்கும். அழுத்தம் கசிந்துவிட்டால் அது ஆவியாகி, குழாய் முழுக்கக் குமிழ் நிறைந்துவிடும். பம்ப் அந்த ஆவியைத் தள்ளி முடிக்கும்வரை கார் கிளம்பாது.

அழுத்தமானியை மாட்டி, சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு முள்ளைக் கவனியுங்கள். நிறுத்திய கணத்தில் ஐந்து பாரிலிருந்து மூன்றுக்குக் கீழே சட்டென்று விழும். இதைப் பார்த்துப் பதறக் கூடாது. இன்ஜெக்டர்கள் திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி நின்றால்தான் அவை சொட்டாமல் மூடும், வடிவமைப்பே அப்படித்தான். கேள்வி அதற்குப் பிறகு. பத்து, இருபது நிமிடங்களுக்கு முள் ஏறத்தாழ அங்கேயே நின்றால் நலம். இரண்டு நிமிடத்தில் பூஜ்யத்தைத் தொட்டால் எங்கோ கசிகிறது.

எங்கே என்பதைத் தடுத்துத் தடுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பம்பை ஓட்டி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு ஒரு வழியை மட்டும் அடையுங்கள். அழுத்தமானியின் வால்வை மூடியதும் சரிவு நின்றால் கசிவு வார்ம்-அப் ரெகுலேட்டர் பக்கம். டேங்குக்கும் பம்புக்கும் நடுவேயுள்ள குழாயை இதற்கென்ற வளைமுனைக் கிடுக்கியால் நெருக்கியதும் நின்றால், பம்பின் வாயிலுள்ள செக் வால்வு பெட்ரோலைத் திரும்ப விடுகிறது. பல பம்புகளில் அந்த வால்வை மட்டும் தனியாக மாற்றலாம். திரும்பு குழாயை நெருக்கியதும் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அழுத்த ரெகுலேட்டரின் ஓ-ரிங். அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் அக்யூமுலேட்டர் என்ற உருளையில் ஸ்பிரிங்கும் பெட்ரோலும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பிரிங் பக்கத்துச் சிறு குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதிலிருந்து பெட்ரோல் வடிந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வேறு சாட்சி வேண்டாம். இவை எதுவும் இல்லை என்றால் மிச்சம் இன்ஜெக்டர்களும், குளிரில் கிளம்பும்போது கூடுதல் பெட்ரோல் தூவும் குளிர்த்தொடக்க வால்வும்தான். குளிர்த்தொடக்க வால்வைக் கழற்றி, முனையைத் துடைத்து, அழுத்தத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு சொட்டு திரண்டு விழுந்தாலும் அது குற்றவாளி. அது சூடான மேனிஃபோல்டுக்குள் சொட்டிக்கொண்டே இருந்தால் கார் கிளம்பாததற்குக் காரணம் பெட்ரோல் குறைவல்ல, மிகுதி.

எல்-ஜெட்ரானிக்கில் இவ்வளவு குழாய் ஆராய்ச்சி தேவைப்படாது. பெரும்பாலானவற்றில் அழுத்தம் இரண்டரை பார். அதை நிர்ணயிக்கும் ரெகுலேட்டர் ஒரு சிறு குழாயால் மேனிஃபோல்டோடு இணைந்திருக்கும். ஐடிலில் அந்தக் குழாயைப் பிடுங்கினால் அழுத்தம் அரை பார் அளவுக்கு எகிற வேண்டும். பிடுங்கிய குழாயை முகர்ந்து பாருங்கள்: பெட்ரோல் வாடை வந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் ஓட்டையாகி, இன்ஜின் அந்தக் குழாய் வழியாகக் கள்ளப் பெட்ரோல் குடிக்கிறது.

மற்றபடி இங்கே குற்றம் பெரும்பாலும் மின்பக்கம். குளிர்நீர் வெப்ப உணரி 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவிலும் 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். அதன் கம்பி அறுந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது முடிவில்லாத மின்தடை, அதாவது கடுங்குளிர். சூடான இன்ஜினுக்குப் பனிக்கால அளவில் பெட்ரோல் ஊற்றித் திக்குமுக்காட வைத்துவிடும். காற்றுக் கதவின் உள்ளே கரித்தடத்தில் ஊரும் தொடுமுனை, ஐடிலும் நிதான ஓட்டமும் இருக்கும் இடத்தில்தான் அதிகம் தேய்கிறது. அனலாக் மீட்டரை மாட்டிக் கதவை மெல்லத் தள்ளும்போது முள் துள்ளினால் அந்த இடத்தில் தடம் போய்விட்டது. டி-ஜெட்ரானிக்கில் இதற்கு இணையான பலவீனம் மேனிஃபோல்டு அழுத்த உணரியின் டயாஃப்ரம். கைப் பம்பால் வெற்றிடம் ஏற்றினால் அது பிடித்து நிற்க வேண்டும்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் கலக்கப்படும் எத்தனால் தண்ணீரை ஈர்க்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும், டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை இளக்கி வடிகட்டிக்கு அனுப்பும். எடைக் கணக்கில் ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9. பத்து சதவீதம் கலந்தால் விகிதம் 14.1 அளவுக்கு இறங்குகிறது. புகையைப் பார்த்துக் கலவையைத் திருத்த உதவும் ஆக்சிஜன் உணரி இல்லாத காருக்கு இந்தச் சேதி தெரியாது. அது பழைய கணக்கிலேயே ஊற்றும், கலவை நான்கு சதவீதம் அளவுக்கு மெலியும். ஏற்கெனவே எல்லையில் நின்ற இன்ஜின் தயங்கத் தொடங்குவதற்கு இது போதும்.

இதைச் சரிக்கட்ட எல்லோர் கையும் போகும் இடம் கே-ஜெட்ரானிக்கின் கலவைத் திருகு. 3 மில்லிமீட்டர் அலன் சாவியால் திருப்புவது, கால் சுற்று என்பதே அங்கே பெரிய தூரம். இந்த அமைப்புக்கு நேர்ந்த சேதங்களில் பெரும்பங்கு அந்தச் சாவியால் வந்ததுதான் என்பது என் எண்ணம். காற்றுக் கசிவைத் திருகால் மூடி மறைத்தால் ஐடில் சீராகிவிடும்; ஆனால் மற்ற வேகங்கள் எல்லாவற்றிலும் கலவை செறிந்து, ஒரு கோளாறு இரண்டாகும். காற்றுக் கசிவு இல்லை, முழு அழுத்தம், கட்டுப்பாட்டு அழுத்தம், நிறுத்திய பின் நிற்கும் அழுத்தம், பற்றவைப்பு எல்லாம் சரி என்று உறுதியான பிறகு, புகை அளவுகருவியை மாட்டிக்கொண்டு கடைசியாகத் தொட வேண்டிய இடம் அது. இன்ஜெக்டர்களின் பங்கைப் பார்க்கவும் திருகு தேவையில்லை. கே-ஜெட்ரானிக்கில் அவற்றைக் கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடிக் குடுவையில் விட்டு, தகட்டைச் சிறிது தூக்கிப் பிடித்தால், எது கூம்பாகத் தூவுகிறது, எது நூலாக ஒழுகுகிறது, எந்தக் குடுவை பின்தங்குகிறது என்று நேரிலேயே பார்த்துவிடலாம். பின்தங்கியதை வேறு குழாயில் மாற்றிப் பொருத்துங்கள். குறை இன்ஜெக்டரோடு நகர்ந்தால் இன்ஜெக்டர், அதே குழாயில் தங்கினால் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர்.

பட்டறையில் ஒழுங்காக ஓடி, சாலையில் மட்டும் எப்போதாவது அணையும் கார்தான் பொறுமையைச் சோதிக்கும். பம்புக்குப் போகும் மின்கம்பியிலிருந்து ஒரு சிறு விளக்கை இழுத்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டிவைத்து ஓட்டுங்கள். அணையும் தருணத்தில், கியரிலேயே கார் உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். இன்ஜின் இடறுவதற்கு முன்பே விளக்கு அணைந்தால் ரிலே அல்லது அதன் கம்பி. சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் பற்றவைப்பு போய்விட்டது, பெட்ரோலை விட்டுவிடலாம். விளக்கும் எரிகிறது, முள்ளும் நிற்கிறது, இழுவை மட்டும் போய்விட்டது என்றால் மறுபடி அழுத்தமானியையும் குடுவையையும் எடுங்கள். தேட வேண்டியது டேங்கின் சல்லடையிலிருந்து இன்ஜெக்டர் முனை வரை.